மடித்து வைத்த மேசை மலைப்பாதையில் கழன்று விழுந்தது: வேன் உள்வேலைக்குப் பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

பூப்பாறையிலிருந்து எழுதுகிறேன். கேம்பர்வேன் உள்வேலைக்கு யாரிடமாவது முன்பணம் கொடுக்க இருந்தால், இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பழைய வேன் ஒன்றை வாங்கி, படுக்கை, அடுப்பு மேடை, சாப்பிட ஒரு மடிப்பு மேசை எல்லாம் கோயம்புத்தூர் பக்கம் ஒரு பட்டறையில் செய்யக் கொடுத்தேன். மேசைக்கு மட்டும் 14,500 ரூபாய். "12 எம்.எம். மரைன் பிளைவுட் சார், நட்டு போல்ட்டு போட்டு வண்டி பாடியிலேயே இறுக்கிடுவோம்" என்றார்கள். மரைன் பிளைவுட் என்றால் ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை. பில்லில் இருந்தது 'உள்வேலை' என்ற ஒரே வார்த்தை.

வண்டி எடுக்கப் போன அன்று பட்டறைக்காரர் மேசையை விரித்து, அதன் மேல் ஏறி உட்கார்ந்தே காட்டினார். அசையவில்லை. எனக்கும் திருப்தி. மேலே மடித்துச் சுவரோடு நிறுத்தியபின் அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று மட்டும் நான் பார்க்கவில்லை.

போடிமெட்டிலிருந்து போடிக்கு இறங்க 17 கொண்டை ஊசி வளைவுகள். ஆறேழு வளைவு தாண்டியிருப்போம். இடப்பக்கம் ஒடித்துத் திருப்பினேன். இடப்பக்கச் சுவரில் இருந்த மேசை பட்டென்று விழுந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் முழங்காலில் இடித்தது. அவர் அலறியதும் பிரேக்கை அழுத்தினேன். கீல் ஸ்க்ரூக்கள் மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு பலகை பறந்து வந்து என் சீட்டின் முதுகில் மோதியது. அப்போது வேகம் 20 கிலோமீட்டர்கூட இருக்காது. முழங்கால் வீக்கம் வடிய மூன்று வாரம் ஆனது. இதுவே 50 கிலோமீட்டர் வேகத்தில் எதிலாவது மோதி நின்றிருந்தால், கட்டாத பொருள் சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் வேகத்தில் முன்னால் வரும். நடுவில் யார் தலை இருக்கிறது என்று அது பார்க்காது.

போடியில் ஆசாரி அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். மைக்காவின் ஓரத்தைப் பெயர்த்தவர் "தம்பி, இது பிளைவுட்டே இல்ல" என்றார். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை, 18 எம்.எம். எங்கள் ஏலக்காய் மலையின் ஈரக்காற்றில் ஓரமெல்லாம் உப்பிப்போயிருந்தது. ஏலக்காய் நிறுக்கும் தராசில் போட்டால் காலோடு சேர்த்து 9 கிலோ. போல்ட் ஒன்றுகூட இல்லை, எல்லாம் மர ஸ்க்ரூ. அவ்வளவு எடையையும் மடித்த நிலையில் பிடித்திருந்தவை, அலமாரிக் கதவுக்குப் போடும் இரண்டு காந்தங்கள்!

பட்டறைக்குப் போன் செய்தால், "நீங்க வேகமா ஓட்டியிருப்பீங்க சார்" என்கிறார்கள். அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குப் பணத்தைவிட அதுதான் வலிக்கிறது.

ஆசாரி அண்ணன் செய்துகொடுத்ததைச் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பாருங்கள். ஐ.எஸ். 710 முத்திரை (மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) உள்ள 12 எம்.எம். பலகையை, மைக்கா ஒட்டுவதற்கு முன்பே என்னை வரச்சொல்லிக் காட்டினார். பலகையின் நீளம் முழுக்க ஒரே கீல். வண்டியின் இரும்புச் சட்டத்தில் துளை போட்டு, பின்னால் பட்டைத் தகடு வைத்து, அதிர்வில் தளராத நைலாக் நட்டு போட்டு முடுக்கினார். மடித்தபின் இரண்டு தாழ்ப்பாள், அதற்கு மேல் குறுக்கே ஒரு பக்கிள் பெல்ட். பெல்ட்டின் இரு முனையும் பலகையில் இல்லாமல் வண்டிச் சட்டத்தில் இருக்கிறது. மேசைக் காலைக் கழற்றிப் படுக்கைக்கு அடியில் தனியாகக் கட்டிவிடுகிறோம், கட்டாமல் கிடந்தால் அதுவும் ஈட்டிதான். தாழ்ப்பாள் போட்டாயிற்றா என்று இழுத்துப் பார்க்காமல் நான் சாவி போடுவதில்லை.

அப்புறம், விரித்துப் பயன்படுத்தும்போதும் கவனம் வேண்டும். எங்கள் பக்கம் சமதளமாக வண்டி நிறுத்த இடம் கிடைப்பது அபூர்வம். சரிவில் நிற்கும் வண்டியில் மேசை மேல் கொதிக்கும் டீயோ அடுப்போ வைக்காதீர்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்து, தண்ணீர் பாட்டிலைப் படுக்கவைத்து உருளவில்லை என்று பார்த்தபின் சமையுங்கள்.

பில்லில் பலகையின் வகை, தடிமன், எதனால் பொருத்தியது என்பதை எழுதி வாங்குங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கோயம்புத்தூருக்கு அலைய வேண்டியதில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசலாம். நான் எங்கள் இடுக்கி மாவட்டத்திலேயே வழக்குப் போட இருக்கிறேன். பில்லில் விவரம் இல்லாததால், உடைந்த பலகையையும் வாட்ஸ்அப் பேச்சையும்தான் நம்பியிருக்கிறேன்.

ஏற்கெனவே உள்வேலை முடித்து ஓட்டுபவர்கள் இன்றே மேசைக் கீலில் ஒரு ஸ்க்ரூவை மட்டும் கழற்றிப் பாருங்கள். மரையில் மாவு மாதிரித் தூள் ஒட்டிக்கொண்டு வந்தால் உங்களுக்குக் கொடுத்ததும் பிளைவுட் இல்லை. சரிசெய்யும்வரை அந்தப் பலகையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வண்டியை எடுங்கள்.