ஹாக் மவுன்டன்: ஒரு காஸ்ஹாக்குக்காக நாலு மணி நேரம் குளிர்ல

பென்சில்வேனியால இருக்குற ஹாக் மவுன்டன் சரணாலயத்துக்கு போன நவம்பர்ல போயிட்டு வந்தோம். எல்லாரும் செப்டம்பர் நடுவுலதான் போவாங்க, அப்பதான் பிராட்-விங்டு பருந்துங்க கூட்டம் கூட்டமா தென் அமெரிக்கா பக்கம் கிளம்பும், ஆனா நான் வேணும்னேதான் குளிர்ல போனேன், எனக்கு காஸ்ஹாக் பாக்கணும். நம்ம ஊர் வல்லூறுக்கு பெரியப்பா முறைன்னு வச்சுக்கோங்க, அடர்ந்த காட்டுல கூடு கட்டுறது.

பறவை பாக்குற உச்சி இடமான நார்த் லுக்அவுட்டுக்கு ஒரு மைல் கிட்ட ஏறணும். மேல சேர் எல்லாம் கிடையாது, பாறைதான். குஷன் எடுத்துட்டு போங்க, நான் எடுத்துட்டு போகல, ரெண்டு நாள் இடுப்பு பேசிச்சு. அங்க கம்பத்துல ஒரு பொம்மை ஆந்தை சொருகி வச்சிருக்காங்க, அதைப் பாத்து கடுப்பாகி பருந்துங்க தாழ வரும். ஷார்ப்-ஷின்டுங்கற சின்னப் பருந்து ஒண்ணு வந்து அந்த ஆந்தை மண்டையில ஒரு தட்டு தட்டிட்டு போச்சு பாருங்க, வால்ல இருந்த கோடு கூட எண்ணலாம், அவ்ளோ பக்கம்!

1929ல இதே மாநில வேட்டை துறை ஒரு காஸ்ஹாக் சுட்டா 5 டாலர் பரிசுன்னு அறிவிச்சிருக்காங்க. இந்த மலையில நின்னு சும்மா சுட்டுத் தள்ளிருக்காங்க. 1934ல ரோசலி எட்ஜ்ங்கற அம்மா மலையவே குத்தகைக்கு எடுத்து அதை நிறுத்துனாங்க, வலசை போற பருந்து, கழுகுங்களை எண்ணுறதுன்னு அப்ப ஆரம்பிச்ச எண்ணிக்கை, உலகப் போர் சமயத்துல கொஞ்சம் விட்டுப்போனது தவிர, இன்னைக்கும் நடக்குது. டிடிடிங்கற பூச்சிமருந்தோட கெடுதல் பத்தி எழுதுன ரேச்சல் கார்சன், இளம் வெள்ளைத்தலை கழுகு வரத்து குறைஞ்சதுக்கு இந்த கணக்கைத்தான் எடுத்துக் காட்டுனாங்க. அந்த கழுகு அப்புறம் மீண்டுடுச்சு. காஸ்ஹாக் இறங்கிட்டே போகுது, 2021ல அதே துறை அதை அழியும் நிலைன்னு பட்டியல்ல சேத்தாச்சு.

ஆனா ஒரு வருஷ கணக்கை வச்சு எதுவும் சொல்ல முடியாது. வடக்க முயலும், கிரவுஸ்ங்கற கோழி மாதிரி காட்டுப் பறவையும் குறையுற வருஷம் காஸ்ஹாக் மொத்தமா தெக்க இறங்கும், 1972, 73ல அப்படித்தான். இரை இருந்தா அங்கயே இருந்துக்கும். அதனாலதான் இத்தனை வருஷமா உக்காந்து எண்ண வேண்டியிருக்கு.

நாங்க இருந்த நாலு மணி நேரத்துல ஒண்ணு கூட வரல. எண்ணுறவர்கிட்ட கேட்டேன், தலைய மட்டும் ஆட்டுனாரு. 5க்கு 4.5, அரை மார்க் இடுப்பு கழிச்சது. குழந்தைங்க, வயசானவங்க கூட போறவங்க சவுத் லுக்அவுட்டோட நிறுத்திக்கோங்க, அது கிட்டக்கதான் இருக்கு.