பழைய பிரெஞ்சு சினிமா போஸ்டர்: பெரியதா, நடுத்தரமா?

அசல் போஸ்டர்தான் வேண்டும் என்று முடிவான பிறகும், 120×160 செ.மீ.யா 60×80 செ.மீ.யா என்பதில் பலர் தடுமாறுகிறார்கள்.

அழகு: பெரியது தெருச்சுவருக்காக அச்சடித்தது, தூரத்திலிருந்தே இழுக்கும், அதிலும் கல்லிலோ தகட்டிலோ கையால் வரைந்து எடுத்த பழைய லித்தோ அச்சு என்றால் கிட்டப்போய்ப் பார்த்தாலும் புள்ளிகள் தெரியாது, கிரேயான் தேய்த்த மாதிரி சொரசொரப்பான நிறம்தான். பிரெஞ்சு போஸ்டர் ஓவியர் போரிஸ் கிரின்சன் வரைந்த முகங்களை அந்த அளவில்தான் பார்க்க வேண்டும். நடுத்தரத்தில் அந்த மிரட்டல் இல்லை.

விலை: அதே படத்துக்குப் பெரும்பாலும் பெரியதுதான் எகிறும்.

ஆயுள்: பெரியது மடித்தே வந்தது, மடிப்புகள் சந்திக்கும் இடம்தான் முதலில் கிழியும். பின்னால் துணி ஒட்டினால் தாங்கும், அது தனிச்செலவு.

மாட்டுவது: நடுத்தரத்துக்கு ஒரு ஆணி. பெரியதைக் கண்ணாடிச் சட்டத்தோடு தூக்க இரண்டு ஆள்.

வாடகை வீடென்றால் 60×80. சொந்தச் சுவரும் காசும் இருந்தால் பெரியது, வெயில் படாத சுவராகப் பாருங்கள்.