யுஎஸ்பி கேபிளா, இன்டர்ஃபேஸா: பேஸ் கிட்டாரைக் கணினியில் பதிவு செய்ய எது?

ஒரு முனையில் கிட்டார் பிளக், மறுமுனையில் யுஎஸ்பி. இந்தக் கேபிள் ஒன்றே போதுமா, தனியாக ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் சின்னப் பெட்டி, வேண்டுமா? பெரும்பாலும் ஒலித்தரத்தை வைத்துத்தான் இதைப் பேசுகிறார்கள். இரண்டையும் பயன்படுத்திய எனக்கு அங்கே பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வாசிக்கிற சுரம் நம் காதுக்கு எப்போது வந்து சேர்கிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

ஒலித்தரத்தை முதலில் பார்த்துவிடலாம். கேபிளின் தலைக்குள் ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பிக்கப்பிலிருந்து வரும் சிக்னலை எண்களாக மாற்றுவது அதுதான். பல கேபிள்கள் 16 பிட்டில் பதிவு செய்கின்றன, இன்டர்ஃபேஸ்களில் 24 பிட் சாதாரணம். 16 பிட் என்பது சிடியின் அளவுதான், வீட்டில் ஒரு பேஸ் டிராக்குக்கு அது தாராளம். நான்கு தந்தி பேஸின் தாழ்ந்த ஈ சுமார் 41 ஹெர்ட்ஸ். பதிவில் அந்தச் சுரம் மெலிந்து கேட்டால் உடனே கேபிளைக் குறை சொல்லாதீர்கள். லேப்டாப் ஸ்பீக்கரால் அந்த ஆழத்துக்கு இறங்க முடியாது, ஹெட்ஃபோனில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கெயின், அதாவது உள்ளே வரும் சிக்னலைக் கூட்டிக் குறைக்கும் விஷயத்தில், இன்டர்ஃபேஸ் முந்துகிறது. பல கேபிள்களில் கெயின் குமிழே கிடையாது. பேட்டரி இல்லாத பாஸிவ் பேஸாக இருந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். பேட்டரி போட்ட ஆக்டிவ் பேஸில் ஸ்லாப் (கட்டைவிரலால் தந்தியைத் தட்டும் வாசிப்பு) அடித்தால் சிக்னல் உச்சியைத் தாண்டி வெட்டுப்பட்டுவிடும், அதைப் பிறகு சரிசெய்வது பெரும்பாடு. கிட்டாரின் வால்யூமைக் குறைத்து வாசிப்பதுதான் வழி. இன்டர்ஃபேஸில் குமிழைத் திருப்பி, பலமாக அடிக்கும் இடத்திலும் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளலாம். இன்ஸ்ட் என்ற பொத்தான் இருந்தால் மறக்காமல் அழுத்துங்கள். அது உள்ளீட்டின் மின்மறுப்பைச் சுமார் 1 மெகாஓம் அளவுக்கு உயர்த்துகிறது. அது இல்லாவிட்டால் பாஸிவ் பிக்கப்பின் ஒலி மங்கி, விரல் பட்ட தெளிவு போய்விடும்.

இனி தாமதம். கேபிளில் வாசித்த ஆரம்ப நாட்களில் என் பேஸ் எப்போதும் டிரம்ஸுக்குப் பின்னால் இழுபட்டது. கை சரியில்லை என்று நினைத்து வாரக்கணக்கில் மெட்ரோனோம் போட்டுப் பழகினேன். கை சரியாகத்தான் இருந்தது. சுரம் கேபிள் வழியாகக் கணினிக்குள் போய், மென்பொருளைக் கடந்து, லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளை வழியாகத் திரும்பி வருவதற்குள் நேரம் ஓடிவிடுகிறது. கணினி ஒலியைச் சின்னத் தொகுப்புகளாகச் சேர்த்துத்தான் கையாள்கிறது, அந்தத் தொகுப்புக்குப் பெயர் பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பஃபர் என்றால் ஒரு வழிக்கு மட்டும் 5 மில்லிசெகண்டுக்கு மேல். விண்டோஸின் பொது ட்ரைவரில் இது இன்னும் கூடும். ஒலி உள்ளே வருவது ஒரு சாதனம், வெளியே போவது வேறொரு சாதனம் என்பதும் சிக்கல்தான். விண்டோஸில் தாமதத்தைக் குறைக்கப் பயன்படும் ஏஎஸ்ஐஓ ட்ரைவர் பொதுவாக ஒரு சாதனத்தை வைத்தே வேலை செய்யும். மேக்கில் இரண்டையும் ஒன்றாகக் கோக்கும் வசதி இருப்பதால் அங்கே கேபிளுக்கு வாழ்வு கொஞ்சம் எளிது.

இன்டர்ஃபேஸில் உள்ளீடும் ஹெட்ஃபோன் துளையும் ஒரே பெட்டியில். டைரக்ட் மானிட்டர் பொத்தானைப் போட்டால் சுரம் கணினியைச் சுற்றாமல் நேராகக் காதுக்கு வரும். முதல்முறை அப்படி வாசித்தபோது விரலும் காதும் ஒன்றாகிவிட்டது போல இருந்தது. அதற்காகவே இன்டர்ஃபேஸைச் சொல்வேன்.

கையில் ஏற்கெனவே கேபிள் இருக்கிறதா? சரி, அதைத் தூக்கிப் போட வேண்டாம். மென்பொருளில் மானிட்டரிங்கை, அதாவது வாசிப்பதை உடனே திருப்பிக் கேட்கும் வசதியை, அணைத்துவிடுங்கள். ஒரு காதில் மட்டும் ஹெட்ஃபோனை வைத்து டிரம்ஸைக் கேளுங்கள், மறு காதுக்குத் தந்தியின் சொந்தச் சத்தம் போதும். பதிவான டிராக் கொஞ்சம் தாமதமாக விழும். கிளிக் சத்தத்தோடு ஒரே ஒரு சுரத்தைப் பதிந்து எத்தனை மில்லிசெகண்ட் தாமதமாகியிருக்கிறது என்று அளந்து, டிராக் அந்த அளவுக்குச் சீக்கிரம் தொடங்கும்படி நகர்த்திவிடுங்கள்.

யுஎஸ்பி உள்ள ஆம்ப் மூன்றாவது வழி. ஒலி உடனே அழகாக வரும், தாமதத் தொல்லையும் குறைவு. ஆனால் சில ஆம்ப்கள் தங்கள் ஒலியைச் சேர்த்த சிக்னலை மட்டுமே அனுப்பும், பிறகு மிக்ஸ் செய்யும்போது அதைப் பிரித்தெடுக்க வழியில்லை. கலப்பில்லாத சிக்னலையும் சேர்த்து அனுப்புகிற ஆம்பாக இருந்தால் அதைத் தனி டிராக்கில் பதிந்து வையுங்கள். நாளைக்கு வேறு ஆம்ப் ஒலி வேண்டுமென்றால் திரும்ப வாசிக்க வேண்டியதில்லை.