ஏற்றத்தில் திணறிய காரும் ஓபிடி ஸ்கேனரும்: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

காரின் கணினியிலிருந்து சென்சார் அளவீடுகளையும் பிழைக் குறியீடுகளையும் படித்து, புளூடூத் வழியாகக் கைபேசியில் காட்டும் சிறிய ஓபிடி ஸ்கேனர் ஒன்றை இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். சமதளத்தில் குறையின்றி ஓடிய என் பெட்ரோல் கார், ஏற்றம் வந்தால் மட்டும் இழுவையை இழந்ததால்தான் இதை வாங்கினேன். மூன்றாம் கியரில் எளிதாக ஏறிக்கொண்டிருந்த மேட்டில், இரண்டாம் கியருக்கு இறக்கி ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தாலும் வேகம் கூடவில்லை. எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. ஸ்பார்க் பிளக்குகளையும் ஏர் ஃபில்டரையும் மாற்றிப் பார்த்தாயிற்று, பலனில்லை.

முதல் நாள் ஸ்கேனர் எந்தப் பிழைக் குறியீட்டையும் காட்டாதது ஏமாற்றமாக இருந்தது. ஓர் அளவு வரம்பைத் தாண்டி, அது உறுதிப்பட்ட பிறகே காரின் கணினி குறியீட்டைப் பதிவு செய்யும். அந்த வரம்புக்குள் நிற்கும் குறையை நேரடி அளவீடுகளில்தான் தேட வேண்டும். அதையும் வண்டி நிற்கும்போது தேடிப் பயனில்லை. ஐடிலில், அதாவது வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது, அதற்கு மணிக்கு ஒரு லிட்டர் பெட்ரோல் போதும்; முழு ஆற்றலில் ஏறும்போது அதைப்போல் இருபது மடங்குகூடத் தேவைப்படலாம். ஆகவே நான் ஓட்ட, என் தம்பி அருகில் அமர்ந்து எண்களைக் குறித்துக்கொள்ள, அதே மேட்டில் பலமுறை ஏறினோம்.

ஃபியூயல் ட்ரிம், அதாவது பெட்ரோல் அளவில் கணினி செய்யும் கூட்டல் கழித்தல் திருத்தம், ஐடிலில் 2 சதவீதமாக இருந்து, ஏற்றத்தில் கூட்டல் 19 வரை சென்றது. முழுதாக மிதித்தபோது 0.8 வோல்ட்டுக்கு மேல் நிலைக்க வேண்டிய, புகையில் எஞ்சும் ஆக்சிஜனை உணரும் முன் ஆக்சிஜன் சென்சார் 0.1 வோல்ட்டிலேயே கிடந்தது. கலவையில் பெட்ரோல் போதவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. இன்ஜினுக்குக் காற்று செல்லும் இன்டேக் குழாயில் காற்றுக் கசிவு இருந்தால் ட்ரிம் ஐடிலில் உயர்ந்து, இன்ஜின் சுழற்சி கூடும்போது இறங்கும். இங்கே நேர்மாறாக இருந்தது. காற்றளவு சென்சார் குறைத்துக் காட்டினாலும் இதே தோற்றம் வருமாதலால், அதற்குரிய ஸ்பிரேயால் சுத்தம் செய்தேன், எண்கள் மாறவில்லை. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்திருக்குமோ என்ற ஐயம், இன்ஜினை நிமிடத்துக்கு 2,500 சுழற்சியில் நிறுத்திப் பார்த்தபோது, இன்டேக்கின் வெற்றிடத்தைக் காட்டும் வேக்கம் கேஜின் முள் இறங்காமல் நின்றதும் நீங்கியது. 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 10 சதவீதம் ஆற்றல் குறைவது டர்போ இல்லாத இன்ஜினுக்கு இயல்பே. ஆனால் ஒரு சிறு மேட்டுக்கு அந்த விளக்கம் பொருந்தாது.

ஸ்கேனரால் இதற்கு மேல் உதவ முடியவில்லை. என் காரில் எரிபொருள் அழுத்தத்துக்கென்று சென்சார் கிடையாது. மெக்கானிக், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயான ஃபியூயல் ரெயிலில் அழுத்தமானியைப் பொருத்தி, அதை பானட் இடுக்கின் வழியே எடுத்து, முன்கண்ணாடியின் வெளிப்புறத்தில் டேப்பால் ஒட்டினார். ஐடிலில் 3.5 பார் காட்டிய முள், மேட்டின் பாதியில் 2.2 பாருக்குச் சரிந்ததைக் கண்ணெதிரே பார்த்தோம்.

எரிபொருள் பம்ப்பை மாற்றிவிடலாம் என்றே அவர் முதலில் சொன்னார். அதற்கு முன் மின்னழுத்தத்தைப் பார்க்கும்படி வேண்டினேன். பேட்டரியில் 13.9 வோல்ட், பம்ப்பின் முனையில் 10.8 தான். பின் இருக்கையைத் தூக்கி பம்ப்பின் மின் கனெக்டரைக் கழற்றியபோது, வெள்ளைப் பிளாஸ்டிக் ஒரு முனையைச் சுற்றிப் பழுப்பேறி உருகியிருந்தது. உள்ளிருந்த உலோகப் பின் கறுத்து, தொட்டாலே ஆடியது. குறைந்த மின்னழுத்தத்தில் மெதுவாகச் சுழன்ற பம்ப், ஐடிலுக்குப் போதுமான பெட்ரோலைத் தந்து, ஏற்றத்தில் மட்டும் கைவிட்டிருக்கிறது. கனெக்டரை மட்டுமே மாற்றினோம். அழுத்தம் மேட்டிலும் 3.4 பாரில் நிற்கிறது; ட்ரிம் 3 சதவீதத்தைத் தாண்டவில்லை.

கருவியின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஒரே நேரத்தில் ஆறேழு அளவீடுகளைத் தேர்ந்தெடுத்தால் எண்கள் தாமதமாகவே புதுப்பிக்கப்படுகின்றன. ஏற்றத்தில் மூன்றுக்கு மேல் நான் வைப்பதில்லை. வண்டியை நாட்கணக்கில் நிறுத்தும்போது செருகியே விட்டால் பேட்டரி இறங்கிவிடும். எனக்கு ஒருமுறை அவ்வாறு ஆனது. அதன் பிறகு, அதைக் கழற்றி முன்பெட்டியில், அன்று தம்பி எண்களைக் குறித்த நோட்டோடு சேர்த்தே வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை அதே மேட்டில் ஏறி, அடுத்த வரியை அதில் எழுதுகிறேன்.