பாகாயம் பஸ்ஸா, சென்னை ரயிலா?

பி.எஸ்சி. கணிதம் முடித்த என் அண்ணன் மகள் மேற்கொண்டு புள்ளியியல் படிக்கப் போகிறாள். சூத்திரத்தோடு நிற்காமல் நிஜத் தரவில் கைவைக்கிற படிப்பாக இருக்க வேண்டுமாம். காட்பாடியில் இருப்பவளுக்கு இரண்டு வழி தெரிகிறது: வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் எம்.எஸ்சி. பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் (மருத்துவத் தரவுக்கான புள்ளியியல்), சென்னை சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி. புள்ளியியல்.

சி.எம்.சி.க்கு வங்காளத்திலிருந்து வரும் கூட்டம் வேலூர்க்காரர்களுக்குத் தெரியும். சிகிச்சை முடிந்து கொல்கத்தா திரும்பிய ஒருவர் மறுபரிசோதனைக்கு வரவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அவரைக் கணக்கிலிருந்து நீக்கினால் முடிவு பிசகும். குணமாகிவிட்டார் என்று எழுதினாலும் பிசகும். கடைசியாக வந்த நாள் வரை அவரைக் கணக்கில் வைத்திருக்கும் வழியை 1958இல் கப்லான், மையர் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் தந்தார்கள். வயது, நோயின் தீவிரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் முறையை 1972இல் காக்ஸ் என்ற புள்ளியியலாளர் தந்தார். எந்த ஊரிலும் இதைப் படிக்கலாம். ஆனால் அந்த நோயாளிகள் தங்கும் லாட்ஜுகளைத் தாண்டி வகுப்புக்குப் போகிறவளுக்கு அது வெறும் சூத்திரமாக இருக்காது.

இன்னொன்றும் சொன்னேன். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டாவைரஸுக்கு எதிரான நம் நாட்டுச் சொட்டு மருந்தின் பெரிய சோதனை டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்தது. இரண்டு பங்கினருக்கு மருந்து, ஒரு பங்கினருக்குப் போலி மருந்து. எத்தனை குழந்தைகள் வேண்டும், யாருக்கு எது என்பதைக் குலுக்கலில் எப்படிப் பிரிப்பது என்பதெல்லாம் புள்ளியியலாளர் வேலை.

சேப்பாக்கத்தின் பலம் அகலம். நிகழ்தகவு, மதிப்பீடு, கூறெடுப்பு (சாம்பிளிங்) என்று அடித்தளம் விரிவாக அமையும். அப்புறம் வங்கி, காப்பீடு, ஆராய்ச்சி என எந்தப் பக்கமும் திரும்பலாம். பட்டத்தின் பெயரும் முக்கியம். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்கு இளநிலையில் புள்ளியியல் ஒரு பாடமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் முதுநிலைப் பட்டம் புள்ளியியல், கணிதப் புள்ளியியல், பயன்பாட்டுப் புள்ளியியல் இவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை. கணிதம் மட்டும் படித்தவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

காட்பாடியிலிருந்து சென்ட்ரல் சுமார் 130 கிலோமீட்டர். சீசன் டிக்கெட்டில் தினமும் போய்வரலாம் என்று அண்ணன் சொல்கிறார். எனக்குச் சம்மதமில்லை. ரயிலிலேயே நாலு மணி நேரம் போனால் வீட்டுக்கு வந்து கணக்குப் போடத் தெம்பு ஏது? சென்னை என்றால் விடுதிதான்.

வி.ஐ.டி.யின் டேட்டா சயின்ஸையும் கேட்டாள். அதில் கணினிப் பக்கம் கனம், கட்டணமும் அதிகம். அவள் தேடுவது அதுவல்ல.

என் ஓட்டு பாகாயத்துக்கு. அரசுத் தேர்வில் அவளுக்கு நாட்டமில்லை. திரும்பி வராத நோயாளியைப் பற்றித்தான் மறுபடி மறுபடி கேட்டாள். அங்கே இடங்கள் குறைவு என்பதால் சேப்பாக்கத்துக்கும் விண்ணப்பம் போட வேண்டும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம் என்று ‘ஆர்’ என்ற புள்ளியியல் மென்பொருளை அவள் மடிக்கணினியில் போட்டுக் கொடுத்தேன், இலவசம்தான். அதோடு வரும் ‘சர்வைவல்’ தொகுப்பில் 228 நுரையீரல் புற்றுநோயாளிகளின் தரவு இருக்கிறது. அதில் 63 பேர் கடைசியாகப் பார்த்தபோது உயிரோடு இருந்தவர்கள். அப்புறம் என்ன ஆனது என்று பதிவில்லை. நேற்று ராத்திரி அந்த 63 வரிகளைத்தான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.