எஸ்எஸ்ஓ லாகினில் கூடுதல் விவரம் அனுப்புவது: ஹெடரா, எஸ்ஏஎம்எல்லா, ஓபன்ஐடி கனெக்டா, ஸ்கிம்மா?

சிங்கிள் சைன்-ஆன் (எஸ்எஸ்ஓ, ஒரே லாகினில் எல்லா ஆப்பும் திறப்பது) போட்டு முடித்த மறுநாளே ஆப் எழுதுகிறவர் வந்து நிற்பார்: பெயரும் மெயிலும் போதாது, எந்தத் துறை, எந்தக் கிளை, மேலாளர் யார், எந்தெந்தக் குழுவில் இருக்கிறார் எல்லாம் வேண்டும் என்று. சரி, எந்த வழியாகக் கொடுப்பது?

கைவைக்கவே முடியாத பழைய ஆப் என்றால் ஹெடர்தான், அதாவது ஒவ்வொரு எச்டிடிபி கோரிக்கையோடும் போகும் தலைப்பு வரிகள். ஆப்புக்கு முன்னால் நிற்கும் இடைச் சர்வரான ப்ராக்ஸி லாகினை முடித்துவிட்டு, விவரங்களை ஹெடரில் வைத்துப் பின்னால் தள்ளிவிடும், ஆப்பில் எழுத வேண்டியது மிகக் குறைவு. ஆனால் எனக்கு இதில்தான் பயம் அதிகம். அதே பெயரில் ஒரு ஹெடரை வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், ப்ராக்ஸி அதை முதலில் அழிக்காவிட்டால் ஆப் அப்படியே நம்பிவிடும். ஹெடர்களை என்விரான்மென்ட் மாறிகளாக்கி ஆப்புக்குத் தரும் சிஜிஐ பாணி சர்வர்களில், பெயரில் உள்ள ஹைஃபனும் அண்டர்ஸ்கோரும் ஒரே மாறியாக மாறிவிடுவதால், ஒன்றை அழித்துவிட்டு மற்றதை விட்டாலும் ஓட்டைதான். ஷிபலத் என்னும் எஸ்எஸ்ஓ மென்பொருள் அப்பாச்சி வெப் சர்வரில் ஹெடரை விட்டு என்விரான்மென்ட் மாறிகளைப் பயன்படுத்துவது இதனால்தான். அப்புறம் ஹெடர் அடிப்படையில் ஆஸ்கி எழுத்துக்கானது, தமிழில் பெயர் வைத்திருந்தால் என்கோட் செய்யாமல் அனுப்பாதீர்கள், சிதைந்துதான் போய்ச் சேரும்.

அடுத்தது எஸ்ஏஎம்எல், லாகின் சர்வர் ஆப்புக்கு ஆளின் விவரத்தைச் சொல்லும் ஒரு தரநிலை. அதன் 2.0 வந்தது 2005-இல். விவரங்கள் கையொப்பமிட்ட எக்ஸ்எம்எல்லில் வருகின்றன, பெரும்பாலும் போஸ்ட் வழியாக வருவதால் அளவும் பெரிய தொல்லை இல்லை. தொல்லை பெயரில்: ஒருவர் 'மெயில்' என்று அனுப்புவார், இன்னொருவர் அதையே 'யுஆர்என்:ஓஐடி:0.9.2342.19200300.100.1.3' என்று அனுப்புவார்.

புதிதாக எழுதும் ஆப்புக்கு என் தேர்வு 2014-இல் வந்த ஓபன்ஐடி கனெக்ட், அதே வேலையைச் செய்யும் புதிய தரநிலை. ஆனால் லாகின் முடிந்ததும் ஆப்புக்கு வரும் கையொப்பமிட்ட ஐடி டோக்கனிலேயே எல்லாவற்றையும் திணிக்காதீர்கள். அதை அப்படியே குக்கியில் வைக்கிறவர்கள் நிறைய, பிரவுசரோ ஒரு குக்கிக்கு 4 கேபி அளவுதான் தரும். மைக்ரோசாஃப்டின் லாகின் சேவையான என்ட்ராவே 200 குழுக்களைத் தாண்டினால் பட்டியலை டோக்கனில் வைக்காமல், கிராஃப் ஏபிஐயில் போய்க் கேட்டுக்கொள் என்று விட்டுவிடுகிறது (எஸ்ஏஎம்எல்லில் 150 தான்). டோக்கனில் அடையாளமும் ஒன்றிரண்டு விவரமும் போதும், மிச்சத்தை லாகின் சர்வரின் யூசர்இன்ஃபோ முகவரியில் ஆப் கேட்டு வாங்கலாம்.

இந்த மூன்றுக்கும் ஒரு பொதுக் குறை உண்டு. பெரும்பாலான ஆப்கள் லாகின் நேரத்தில் வந்ததையே செஷன் முடியும்வரை பிடித்துக்கொண்டிருக்கும், காலையில் கணக்குப் பிரிவிலிருந்து மாற்றப்பட்டவருக்கு மாலைவரை சம்பளப் பட்டியல் திறக்கும். இன்னும் ஒருமுறைகூட லாகின் செய்யாதவரை ஆப்புக்குத் தெரியவே தெரியாது, அவர் பெயரில் ஒரு ஒப்புதலை அனுப்ப முடியாது. இதற்குத்தான் பயனர் கணக்குகளை ஆப்போடு ஒத்திசைக்கும் தரநிலையான ஸ்கிம் 2.0 (2015): ஆள் சேர்ந்தாலும் மாறினாலும் விலகினாலும் லாகினுக்குக் காத்திராமல் ஆப்புக்குச் செய்தி போகும். ஆப் பக்கம் எழுத வேண்டிய வேலை கணிசம், ஆனால் பணமோ மருத்துவக் குறிப்போ புழங்கும் இடத்தில் அந்த உழைப்பைத் தவிர்க்கவே கூடாது.

எந்த வழி எடுத்தாலும் ஆளை அடையாளம் காணும் சாவியாக மெயில் முகவரியை வைக்காதீர்கள். பெயர் மாறினால் மெயில் மாறும், விலகியவரின் முகவரி நாளை புதிதாகச் சேருகிறவருக்குப் போகலாம். ஒவ்வொருவருக்கும் மாறாத ஓர் அடையாளம் உண்டு: ஓபன்ஐடி கனெக்டில் 'சப்', எஸ்ஏஎம்எல்லில் மாறாத வகை நேம்ஐடி, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.