தொற்றுநோய் டிப்ளோமாவுக்குக் காசு கட்டுவதற்கு முன்

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமையே யாழ்ப்பாணத்து மதில்களில் போஸ்டர் ஏறிவிடும். இப்போது ஓடுவது “புதிய தொற்றுநோய்கள், தொற்றுநோய் முகாமைத்துவம்” என்றொரு டிப்ளோமா. 12 மாதம். அரச வேலை, தனியார் வேலை, வெளிநாட்டு வேலை மூன்றும் ஒரே துண்டுப்பிரசுரத்தில். இதில் சேர்ந்து ஏமாந்த பிள்ளைகளின் பற்றுச்சீட்டு, பாடக்குறிப்பு, சான்றிதழ் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறோம். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. பெயரை மாற்றி அடுத்த சந்தியில் திறக்க அவர்களுக்கு ஒரு மாதம் போதும், செய்யும் முறை மட்டும் மாறாது.

விளம்பரம் எடுபடுவதற்குக் காரணம் இருக்கிறது. 2024 டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் ‘மர்மக் காய்ச்சல்’ என்று சனம் பயந்துபோய் இருந்தது. பிறகுதான் அது எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. மாரி தொடங்கினால் டெங்கு. உண்ணிக் காய்ச்சலும் நெருப்புக் காய்ச்சலும் எங்கள் வைத்தியசாலைகளுக்குப் புதிதல்ல. ஆகவே இந்தத் துறைக்கு ஆள் வேண்டும் என்று அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. “இந்த டிப்ளோமா இருந்தால் எடுப்பினம்” என்ற அடுத்த வரிதான் பொய்.

ஒரு எலிக்காய்ச்சல் சந்தேக நோயாளி வாட்டுக்கு வந்தால் யார் யார் வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். சந்தேகம் வந்தவுடனேயே, இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துக்கொண்டிராமல், வைத்தியர் எச் 544 படிவத்தில் அறிவிக்கிறார். அது நோயாளியின் ஊருக்குரிய சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போகிறது. அங்கிருந்து பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீட்டுக்குப் போய் வயல், கிணறு, எலி, யாருக்கு எப்போது காய்ச்சல் என்று விசாரித்து எச் 411 நிரப்புகிறார். கிழமைக்கு ஒருமுறை எச் 399 அறிக்கை கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகிறது. மாவட்டத்தில் இதையெல்லாம் பிராந்திய தொற்றுநோயியலாளர் பார்க்கிறார். மாதிரியைக் கையாள்பவர் எம்.எல்.ரி (மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்), உறுதிப்படுத்தும் பரிசோதனைக்குப் பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம். இந்தச் சங்கிலியில் ‘தொற்றுநோய் முகாமைத்துவ டிப்ளோமாதாரி’ எந்தக் கதிரையில் உட்காருவார்? அந்தப் பதவிக்கு ஆள் கேட்டு வந்த வர்த்தமானி அறிவித்தல் ஒன்றையாவது காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

நாங்கள் பார்த்த பாடக்குறிப்பில் எபோலாவுக்கு 40 பக்கம். எச் 544 பற்றி ஒரு வரி இல்லை. வைரசின் புரதத்தைத் தேடும் டெங்கு என்.எஸ்.1 பரிசோதனை காய்ச்சலின் முதல் நாட்களில்தான் உதவும், ஐ.ஜி.எம் எதிர்ப்பொருள் கிட்டத்தட்ட ஐந்தாம் நாளுக்குப் பிறகுதான் தெரியத் தொடங்கும் என்பதும் இல்லை. எந்த நாளில் எந்த மாதிரி எடுப்பது என்பதுதான் இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அதைச் சொல்லித்தராதவர்கள் வைரசின் வண்ணப் படத்தைக் காட்டி வருடத்தை ஓட்டியிருக்கிறார்கள்.

இனி, எல்லாரும் வழுக்கி விழும் ‘பதிவு செய்யப்பட்டது’ என்ற சொல்லுக்கு வருவோம். தாய் ஒருவர் கேட்டதும் கவுண்டரில் வந்த பதிலும் இதுதான்:

“தம்பி, இது அரசாங்கம் ஏற்றுக்கொண்டதோ?”

“ஓம் அன்ரி, நாங்கள் றெஜிஸ்டர்ட். உங்க பாருங்கோ, சுவரில கொழுவியிருக்கு.”

சுவரில் கொழுவியிருந்தது கம்பனிப் பதிவுச் சான்றிதழ். கம்பனிச் சட்டத்தின் கீழ் மீன் ஏற்றுமதி செய்பவரும் பதியலாம், சாறிக்கடைக்காரரும் பதியலாம். படிப்பிக்கும் தகுதிக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. 

அதற்கு மேலே மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி தொழிற்பயிற்சி நிலையங்கள் அங்கே பதிய வேண்டும். ஆனால் அது நிலையத்துக்கான பதிவு. பாடநெறிக்கான தரச்சான்று வேறு. கணினிப் பாடத்துக்குத் தரச்சான்று வாங்கிய நிலையம் அதே எண்ணைத் தொற்றுநோய் டிப்ளோமா விளம்பரத்திலும் போட்டால், பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? ஆகவே கேள்வியை இப்படிக் கேட்க வேண்டும்: “இந்தப் பாடநெறிக்கு என்.வி.கியூ மட்டம் என்ன?” என்.வி.கியூ என்பது தேசிய தொழில் தகைமை. மட்டம் 4 என்றால் சான்றிதழ், 5, 6 என்றால் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். பதிலை வாயால் வாங்காமல் ஆணைக்குழுவிடம் நீங்களே நிறுவனப் பெயரையும் பாடநெறிப் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள். 

எல்லாவற்றுக்கும் மேலே, ஆய்வுகூட வேலை என்றால், இலங்கை மருத்துவ சபையின் பதிவு. இது நிறுவனத்துக்கு இல்லை, ஆளுக்கு. மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக வேலை செய்ய அது வேண்டும். “உங்களிடம் படித்த எத்தனை பேருக்கு மருத்துவ சபைப் பதிவு இலக்கம் கிடைத்தது?” என்று கேட்டவுடன் பேச்சு வெளிநாட்டுக்குத் திரும்பிவிடும்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழக இணைப்பு என்று சொன்னால், அந்தப் பல்கலைக்கழகத்தின் சரியான பெயரையும் நாட்டையும் எழுத்தில் வாங்குங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றை ஏற்பதற்குப் பார்ப்பது பொதுநலவாயப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தினதும் சர்வதேசப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தினதும் பட்டியல்களைத்தான். அங்கே இல்லாத பெயர் எவ்வளவு ஆங்கில வாசனை அடித்தாலும் இங்கே செல்லாது.

உலக சுகாதார நிறுவனத்தின் சின்னம் தனிக் கதை. அந்த நிறுவனம் தனியார் நிலையங்களின் டிப்ளோமாவுக்கு அங்கீகார முத்திரை குத்திக் கொடுப்பதில்லை. 2017இல் தொடங்கிய அதன் ஒன்லைன் தளத்தில் இருந்த பாடங்கள் எல்லாருக்கும் இலவசம். சிலது இரண்டு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். பிள்ளைகளுடைய மின்னஞ்சலால் அந்தப் பாடங்களை முடிப்பித்து, வந்த பத்திரத்தை அச்சடித்து, அதன்மேல் தங்கள் பொன்னிற ஒட்டியை ஒட்டி “சர்வதேசச் சான்றிதழ்க் கட்டணம்” என்று 30,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். சான்றிதழின் மூலையில் கியூ.ஆர் குறியும் உண்டு. ஸ்கான் பண்ணினால் திறப்பது நிறுவனத்தின் பேஸ்புக் பக்கம்.

முழுக் கணக்கு: பதிவுக் கட்டணம் 25,000, தவணை 65,000 வீதம் ஆறு, ஆய்வுகூடக் கட்டணம் 40,000, கடைசியில் அந்த 30,000. கூட்டினால் 485,000 ரூபாய். துண்டுப்பிரசுரத்தில் இருந்தது தவணைத் தொகை மட்டும். காசு போனது நிறுவனத்தின் கணக்குக்கு அல்ல, ஒரு தனி ஆளின் சேமிப்புக் கணக்குக்கு. பற்றுச்சீட்டில் கம்பனி இலக்கமும் இல்லை, எதற்கான காசு என்பதும் இல்லை.

அந்த 40,000 ரூபாய் ஆய்வுகூடம் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே காசை விட உடம்புதான் போகும். கண்ணாடி முகப்புள்ள பெட்டி ஒன்றைக் காட்டி “உயிரியல் பாதுகாப்புக் கபினெற்” என்றிருக்கிறார்கள். அது செடி இழைய வளர்ப்புக்குப் பாவிக்கும் லமினார் ஃபுளோ மேசை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். ஆனால் லமினார் ஃபுளோவில் வடிகட்டிய காற்று பின்பக்கமிருந்து மாதிரியைத் தாண்டி நேரே வேலை செய்பவரின் முகத்துக்கு வரும். மாதிரி சுத்தமாக இருக்கும். மாதிரியில் இருப்பது உங்கள் மூக்குக்குள் போகும். இரண்டாம் வகுப்பு உயிரியல் பாதுகாப்புக் கபினெற்றில் முன்வாய்க் காற்று உள்ளே இழுபடும், வெளியே போகிற காற்று நுண்துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியைத் தாண்டித்தான் போகும். கண்டுபிடிக்க ஒரு ரிசுப் பேப்பர் கீலம் போதும். இயந்திரத்தை ஓடவிட்டு, கீலத்தின் மேல் நுனியைப் பிடித்து முன்வாயின் விளிம்பில் தொங்கவிடுங்கள். உள்ளே இழுபட்டால் நல்லது. உங்களை நோக்கிப் பறந்தால் அந்த அறையில் சளி மாதிரி எதையும் தொடவேண்டாம்.

ஓட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமி கொல்லும் இயந்திரம்) இருந்தால் 121 பாகை செல்சியஸில் 15 நிமிடமாவது நின்றதற்கான பதிவேட்டைக் கேளுங்கள். சூடுபட்டால் நிறம் மாறும் காட்டி நாடா ஒட்டுகிறார்களா என்றும் பாருங்கள். ஊசிகளுக்குத் துளைபடாத பெட்டி இருக்கவேண்டும். இங்கே பிள்ளைகள் ஒருவருக்கொருவர் இரத்தம் எடுத்துப் பழகிய ஊசிகள் சொப்பிங் பைக்குள் கிடந்தன. ஹெப்பரைரிஸ் பி தடுப்பூசி போட்டீர்களா என்று யாரும் கேட்கவில்லை. அது 0, 1, 6 மாதங்களில் மூன்று தடவை. கடைசி ஊசிக்கு ஒன்று இரண்டு மாதம் கழித்து எதிர்ப்பொருள் அளவு லீற்றருக்கு 10 சர்வதேச அலகுக்கு மேல் ஏறியதா என்று பார்க்கவேண்டும். அப்படியானால் 12 மாதப் படிப்பில் முதல் கிழமையே தொடங்கினால்தான் கட்டும். இதைத் தெரியாத நிலையம் இரத்தம் தொடும் பயிற்சி நடத்தவே கூடாது என்பது எங்கள் கருத்து.

‘போதனா வைத்தியசாலைப் பயிற்சி’ என்று வாக்குக் கொடுத்து, கடைசியில் அனுப்பியது ஒரு தனியார் மாதிரி சேகரிப்பு நிலையத்துக்கு. அங்கே பிள்ளைகள் மூன்று மாதம் குப்பிகளுக்கு லேபல் ஒட்டினார்கள், சம்பளமில்லாமல். வைத்தியசாலையோடு உடன்படிக்கை இருக்கிறது என்று யாராவது சொன்னால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த வைத்தியசாலையின் தகவல் அதிகாரியிடமே கேட்கலாம். 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

வளைகுடா வேலைக் கதையும் சுருக்கமாக. அங்கே ஆய்வுகூட உரிமம் எடுக்கும்போது உங்கள் பத்திரம் கொடுத்த இடத்துக்கே எழுதிச் சரிபார்ப்பார்கள். செல்லாத டிப்ளோமாவைக் கொடுத்து அது எதிர்மறையாகப் பதிவாகிவிட்டால் பிறகு நல்ல பத்திரத்தோடு போனாலும் சிக்கல். முகவரின் அனுமதிப்பத்திரத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 தொலைபேசி இலக்கத்தில் கேளுங்கள். உலக சுகாதார நிறுவன வேலைக்கு என்று யாராவது காசு கேட்டால் அந்த இடத்திலேயே எழும்பி வாருங்கள். அது ஆட்சேர்ப்பின் எந்தக் கட்டத்திலும் கட்டணம் வாங்குவதில்லை.

சரியான வாசல்கள் உண்டு. பி.எச்.ஐ ஆவதற்குச் சுகாதார அமைச்சு உயர்தர விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைகளிடம் விண்ணப்பம் கோரும். பயிற்சிக்குப் பெயர்போன இடம் களுத்துறை தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவனம். அதற்கு யாருக்கும் ‘முன்பயிற்சிக் கட்டணம்’ கட்டத் தேவையில்லை. ஆய்வுகூடத்துக்கு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே நான்கு வருட மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானப் பட்டம் இருக்கிறது. பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, றுகுணு பல்கலைக்கழகங்களிலும் உண்டு. விலங்கிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்களில் ஆர்வம் என்றால் பேராதனை கால்நடை மருத்துவ பீடம்.

வெட்டுப்புள்ளி இதற்கெல்லாம் எட்டாத பிள்ளைக்கு நாங்கள் முதலில் சொல்வது விலங்கியல். பலர் இதைத் தோற்றவர்களின் பாடம் என்று நினைக்கிறார்கள். ஈடிஸ் நுளம்பு நன்னீரில் மட்டுமல்ல, கரையோரத்து உவர்நீரிலும் பெருகுகிறது என்று 2011இல் வெளியிட்டது யாழ்ப்பாணத்தில் நடந்த விலங்கியல் ஆய்வுதான். இலங்கை 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்ட பிறகு, நகரக் கிணறுகளில் பெருகி மலேரியாவைப் பரப்பக்கூடிய அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு மன்னாரில் பிடிபட்டது. குடம்பியைப் பார்த்து இனம் பிரிக்கத் தெரிந்த ஆளுக்கு இங்கே வேலை இருக்கிறது. வைத்தியர்களுக்கான நுண்ணுயிரியல், வைரசியல், சமுதாய மருத்துவ மேற்படிப்பு கொழும்புப் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில். அதற்குள் நுழையக் குறுக்குவழி கிடையாது.

ஏற்கெனவே காசு கட்டியவர்கள் அடுத்த தவணையை உடனே நிறுத்துங்கள். சண்டைக்குப் போகாதீர்கள். வங்கிச் சிட்டை, துண்டுப்பிரசுரம், வட்ஸ்அப் குரல்பதிவு எல்லாவற்றையும் முதலில் பிரதி எடுங்கள். முறைப்பாடு போனதும் பேஸ்புக் விளம்பரம் அழிந்துவிடும். பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்டு, 14 நாள் காலக்கெடு குறிப்பிட்டு, பதிவுத் தபாலில் கடிதம். பதில் இல்லாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை, தொலைபேசி இலக்கம் 1977. பிரதி தொழிற்கல்வி ஆணைக்குழுவுக்கு. போலி முத்திரை, போலி உடன்படிக்கை இருந்தால் அது பொலிஸ் விடயம். ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே நாளில் கொடுங்கள். தனித்தனியே போகிற பிள்ளையைத்தான் “விண்ணப்பத்தில் கையெழுத்து வைச்சனீங்கள்தானே, பதிவுக் காசு திருப்ப ஏலாது” என்று அனுப்புகிறார்கள்.

உயர்தரச் சான்றிதழின் மூலப்பிரதியைப் பிடித்து வைத்துக்கொண்டு மிச்சத் தவணையைக் கேட்டதாகவும் இரண்டு பேர் சொன்னார்கள். அதற்காக ஒரு சதமும் கட்டவேண்டாம். பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்தில் சிறிய கட்டணத்துக்கு மறுபடி எடுக்கலாம், ஒன்லைனிலும் விண்ணப்பிக்கலாம்.